நுகாடா எடுத்த முதுகுகள்

சிதோரி சினிமாக் கொட்டகை வாசலில் தொங்கிய துணிக்கொடிகளில் என் பெயர் ஆளுயரத்துக்கு இருக்கும். குசுமி மசுயோ. அதற்குக் கீழே நடிகர்கள் பெயர். அதற்கும் கீழே, மழை பெய்தால் கரைந்துவிடுகிற மையில், படத்தை எடுத்தவர் பெயர். ஒசாகாவில் அன்றைக்கு அதுதான் நியாயம். படம் ஊமை, அதற்கு வாய் நான். திரைக்குப் பக்கத்து மேடையில் நின்று கதாநாயகிக்காக அழுது, வில்லனுக்காகச் சிரித்து, நாய் வந்தால் நாய்க்காகக் குரைத்தவளும் நான்தான். பென்ஷி வேலை என்றால் அதுதான். விசிறியைக் கையில் பிடித்து நான் மேடை ஏறினால் கூட்டம் "காத்திருந்தோம்" என்று ஒரே குரலாகக் கத்தும். படம் எடுக்கிறவன் எவனுக்காவது யாராவது அப்படிக் கத்தியதுண்டா?

இப்போது நுகாடா யசுமித்சுவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முதுகிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். மற்றவர்கள் அழுகிற முகத்தைத் தேடிக்கொண்டு கேமராவைத் தூக்கி ஓடியபோது இவர் மட்டும் அழுகிறவளின் முதுகுக்குப் பின்னால் அதை வைத்தார், அது நகரவே நகராது, ஆள் எழுந்து போன பிறகும் வெறும் அறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பிரான்சிலிருந்து வந்த ஒருவர் அந்த முதுகுகளில் புத்தரையே கண்டுபிடித்தார். கண்டுபிடிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் அந்த முதுகுகளோடு நான் போட்ட சண்டை இவர்கள் யாருக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் முதுகு என்றால் பண்டிகை. முகம் தெரிந்தால் உதடு அசைகிற வரைக்கும்தான் பேச முடியும், உதடு நின்றால் நாமும் நிற்க வேண்டும். முதுகுக்கு ஏது உதடு? எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம். நுகாடாவின் முதல் படத்தில் ஒரு கிழத் தகப்பன் வருவான். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு, பெண்ணழைப்பு ஊர்வலத்தில் வாசலைத் தாண்டிப் போவாள். அவன் உள்ளே கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பான். முதுகு மட்டும்தான் தெரியும். நான் அந்த முதுகுக்கு அருமையான ஒரு வசனம் கொடுத்தேன். "போ மகளே, உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இன்று உன் தலையை அவள் கையால் வாரியிருப்பாள்" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் மன்னித்து, வாழ்த்தி முடித்தேன். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. படம் புதுவருஷம் வரைக்கும் ஓடியது. பத்திரிகைக்காரர் ஒருவர், இளம் இயக்குநர் நுகாடா மன்னிப்பின் மேன்மையைக் காட்டிவிட்டார் என்று புகழ்ந்தார்.

ஒரு நாள் பகல் காட்சி முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒப்பனை அறை வாசலில் ஒல்லியாக ஒரு ஆள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கியோட்டோ ஸ்டுடியோவில் வேலை என்றான். பெயர் நுகாடா என்றான். நான் பாராட்டுக்குத் தயாராகிக் கண்ணாடியில் சிரித்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவன் மன்னிக்கல" என்றான். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டான். நான் அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கூனிக்கொண்டு, "அவன் மன்னிக்கல" என்று நடித்துக் காட்டினால் எங்கள் கொட்டகை வயலின்காரர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

அதன் பிறகு நுகாடாவுக்கும் எனக்கும் ஒரு யுத்தமே நடந்தது. கம்பெனி கேட்டதற்காக அவர் ஒரு வாள்சண்டைப் படம் எடுத்தார், குளியல் கொட்டகை வைத்திருப்பவனைப் பற்றி ஒரு சிரிப்புப் படம் எடுத்தார். எதிலும் எங்கேயாவது ஒரு முதுகு உட்கார்ந்திருக்கும். நான் அதற்கு வாய் கொடுப்பேன். அடுத்த படத்தில் அந்த முதுகு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். நான் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். மனுஷன் என்னை மூச்சு முட்ட வைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். என் மூச்சைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

பேசும் படம் வருகிறது என்ற பேச்சு அப்போதுதான் ஊரில் கிளம்பியிருந்தது. டோக்கியோவில் அமெரிக்கப் படங்கள் தாமாகவே பேச ஆரம்பித்து, அங்கே சில பென்ஷிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சேதி வந்தது. எங்கள் கொட்டகை முதலாளி இகுதா, எப்போதும் வாயில் ஒரு துண்டு காய்ந்த கடற்பாசியை மென்றுகொண்டே இருப்பவர், ஒலிபெருக்கி விற்கிறவனுக்கு இரண்டு முறை தேநீர் வாங்கிக் கொடுத்ததை நானே பார்த்தேன். அடுத்து எங்கள் முறைதான் என்ற பயம் எங்களுக்கு. என்னைவிட ரைமோனுக்கு அதிகம். வாள்சண்டைப் படங்களுக்குப் பேசுகிறவர் அவர். இடி இடிக்கிற குரல். அந்தக் குரலை எடுத்துவிட்டால் அவரிடம் தொப்பையும் கடனும்தான் மிச்சம் என்று அவரே சொல்லுவார்.

அந்தச் சமயத்தில்தான் நுகாடாவின் கோபே துறைமுகப் படம் வந்தது.

புதுப் படம் வந்தால் முந்தின நாள் காலையில் வெறும் கொட்டகையில் எங்களுக்காக ஓட்டுவார்கள். நான் மடியில் தாளும் தூரிகையும் வைத்துக்கொண்டு பார்ப்பேன், படம் ஓட ஓட வசனம் எழுதுவேன். கதை ரொம்பச் சாதாரணம். ஒசாகா சந்து ஒன்றில் உடோன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா, அவள் வளர்த்த தம்பி. தம்பி காப்பித் தோட்ட வேலைக்காக பிரேசிலுக்குக் கப்பல் ஏறப் பெயர் கொடுத்துவிடுகிறான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபே துறைமுகத்தில் அவன் கப்பல் மேல்தளத்தில், இவள் கரையில், இருவர் கையிலும் ஒரே காகித நாடாவின் இரண்டு முனை. கப்பல் நகர்கிறது, நாடா இழுபட்டு அறுகிறது. இதுவரைக்கும் எனக்குத் தாள் நிறைய வசனம் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்ல வசனம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு கடைசிச் சுருள். அக்கா வீட்டுக்கு வருகிறாள். அறுந்த நாடாவை விரலில் சுற்றியபடியே வருகிறாள். முற்றத்துக் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து அரிசி களைகிறாள். நமக்கு முதுகுதான் தெரிகிறது. கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு அளந்துவிட்டது. நிறுத்துகிறாள். ஒரு பிடி அரிசியை அள்ளிப் பானையில் திரும்பப் போடுகிறாள். மறுபடி களைகிறாள். கழுநீர் அவள் காலடியிலிருந்து வாய்க்கால் வழியாக நம்மை நோக்கி ஓடி வருகிறது, வெள்ளையாக. வந்துகொண்டே இருக்கும்போது அந்த வெள்ளையில் ஒரு கறுப்பு இழை. விரலில் இருந்த நாடாவின் சாயம் கரைகிறது. கழுநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வருகிறது. அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. முதுகு அசையவில்லை. பிறகு எழுந்து போய்விடுகிறாள். வாய்க்கால் மட்டும் இருக்கிறது, தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டு.

விளக்கைப் போட்டார்கள். என் தூரிகை நுனியில் மை காய்ந்திருந்தது. தாளில் ஒரு எழுத்து இல்லை. எனக்கு அப்படி ஆனதே கிடையாது. நாய்க்குக்கூட வசனம் வைத்திருந்தவள் நான். உடம்பு சிலிர்த்தது, கூடவே கோபமும் வந்தது. யாருடைய சம்மதத்தில் இந்த ஒல்லி மனுஷன் என் வாயை அடைத்தான்? கறுப்பு வெள்ளைப் படம் அது, ஆனால் அந்த நாடா சிவப்பு என்று எனக்குத் தெரிந்தது. யார் சொல்லித் தெரிந்தது?

பக்கத்தில் இகுதா கடற்பாசியை விழுங்கிவிட்டு, கடைசிச் சுருள் சவசவவென்று இருக்கிறது, நல்ல வேளை நீங்கள் இருக்கிறீர்கள், அதில் ஒரு நீளமான ஒப்பாரியாகப் போட்டுவிடுங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போய் எழுதியும் பார்த்தேன். "அக்கா நினைத்தாள்" என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஓடாது.

மறுநாள், முதல் காட்சிக்கு முன்னால், நுகாடா வந்தார். கியோட்டோக்காரர்கள் எங்கே போனாலும் கொண்டுபோகிற அயிலை மீன் சுஷி ஒரு பெட்டி கையில். அதை என் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"கடைசிச் சுருளுக்குப் பேச வேணாம்" என்றார்.

"ஜனம் வர்றதே இந்த வாய்க்குத்தான் தம்பி. வாசல்ல கொடியப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நானே டிக்கெட் வாங்கி வந்து கேட்டிருக்கேன். அடிக்கடி."

"எதுக்கு? மனசுக்குள்ள என்னத் திட்டறதுக்கா?"

"இல்ல. நீங்க பேசினா நல்லா இருக்கு. என் படத்த விட நல்லா இருக்கு. அதான் எனக்குக் கஷ்டம்."

நான் பெட்டியைத் திறந்து மீனை மோந்து பார்த்தேன். நல்ல மீன். அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார், அந்த அக்கா என்ன நினைக்கிறாள் என்று பென்ஷி சொல்லிவிட்டால் ஜனங்கள் அவளைப் பார்க்க மாட்டார்கள், பென்ஷியைத்தான் பார்ப்பார்கள் என்று. சரி, அவள் என்னதான் நினைக்கிறாள், எடுத்தவருக்காவது தெரியுமா என்று கேட்டேன். எனக்கு எழுத வராததை இவரிடமிருந்தாவது பிடுங்கிக்கொள்ளலாம் என்ற ஆசைதான்.

"எனக்கும் தெரியாது" என்றார். "தெரிஞ்சா திரையில எழுத்தாப் போட்டுக் காட்டியிருப்பேனே. தெரியலன்னுதான் அவ பின்னாலேயே கேமராவ வச்சுட்டு உக்காந்திருந்தேன்."

அவர் போன பிறகு ரைமோன் உள்ளே வந்தார். வெளியே நின்று முழுக்கக் கேட்டிருக்கிறார். ஒட்டுக்கேட்பதில் வெட்கமே கிடையாது அவருக்கு. சுஷியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நீ பேசாம நின்னு, ஜனம் அழுதுட்டா கதை முடிஞ்சுது மசுயோ. நாளைக்கே இகுதாவுக்குப் புத்தி வந்துரும். ஆளே வேணாம் போலிருக்கேன்னு. உனக்கு மட்டுமில்ல, ஊர்ல உள்ள அத்தனை பென்ஷி வாயிலயும் நீ மண்ணள்ளிப் போடற."

"ஜனம் அழலைன்னா?"

"அப்போ உன் ஒருத்தி வாயில மட்டும் மண்ணு. அது பரவால்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கும் தெரியும், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்று. நான் இல்லாமலே படம் நிற்கும் என்று நானே ஊருக்குக் காட்டுவதா? ஒப்பாரி பாடினால் என் பிழைப்பு இருக்கும், ரைமோன் பிழைப்பும் இருக்கும். அந்தக் கழுநீர்தான் இருக்காது.

கொட்டகை நிரம்பி வழிந்தது. கோபேயிலிருந்து ஆட்களை அனுப்பிவைத்த குடும்பங்கள் அந்தச் சுற்றுப்புறத்தில் நிறைய. மேடை ஏறினேன். "காத்திருந்தோம்." வழக்கம்போலக் கொட்டகையே கத்தியது. முதல் சுருளிலிருந்து துறைமுகம் வரைக்கும் நான் பேசியதைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன், அப்படி நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. நாடா அறுந்தபோது என் குரலும் அறுந்தது. பெண்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள்.

கடைசிச் சுருள் ஆரம்பித்தது. வாத்தியக்காரர்கள் எப்போதும் என் விசிறியைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். நான் விசிறியை மடக்கினேன். வயலின் நின்றது. ஷாமிசென் ஒரு தந்தி தவறாக முனகிவிட்டு அதுவும் நின்றது. எந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த முதுகு கிணற்றடியில் வந்து உட்கார்ந்தது. நான் ஜனங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். ஆயிரம் கண்ணும் என் வாயில். என் நாக்கு நுனியில் "அக்கா நினைத்தாள்" நின்றுகொண்டிருந்தது, ஒரு மூச்சு விட்டால் விழுந்துவிடும்.

முன்வரிசையிலிருந்து ஒரு தச்சன் கேட்டான், "என்ன மசுயோ, தொண்டையில மோச்சிக் கொழுக்கட்டை மாட்டிக்கிச்சா?" என்று. சிலர் சிரித்தார்கள். உட்காருகிற திண்டு ஒன்று பறந்து வந்து மேடை விளிம்பில் விழுந்தது. பக்கவாட்டுத் திரை மறைவில் இகுதாவின் கை தெரிந்தது. அது ரைமோனின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் பேசாவிட்டால் அவர் பேசட்டும் என்று.

அப்போது என்ன தோன்றியதோ, இத்தனை பேருக்கு என் முகத்தைக் காட்டிக்கொண்டு பேசாமல் நிற்க என்னால் முடியாது என்று தெரிந்தது. திரும்பினேன். திரையைப் பார்த்து மேடைப் பலகையிலேயே உட்கார்ந்தேன். ஜனங்களுக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

ரைமோன் மேடைக்கு வந்துவிட்டார். பலகை அதிர்ந்ததில் தெரிந்தது. பேசத் தொடங்கும் முன் அவர் இழுக்கிற மூச்சு எனக்கு நன்றாகத் தெரியும், பெரிய துருத்தி மாதிரி. அந்த மூச்சை இழுத்தார். சரி, போயிற்று என்று நான் கண்ணை மூடப் போனேன்.

திரையில் கழுநீர் கறுக்க ஆரம்பித்தது.

இழுத்த மூச்சை அவர் விடவே இல்லை. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். வாய் பாதி திறந்தபடி, கை பாதி உயர்ந்தபடி, அந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒசாகாவிலேயே பெரிய வாய். அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எனக்குப் பின்னால் தச்சனும் பேசவில்லை. திண்டு எதுவும் பறக்கவில்லை. அத்தனை பேரும் ஒரு பெண் அரிசி களைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் அவர்களில் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷம் அந்தக் கொட்டகையில் வேலை பார்த்தும் நான் ஒரு படத்தைக்கூட அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பேசிக்கொண்டேதானே இருந்தேன். சினிமா இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. பயமாகக்கூட இருந்தது.

படம் முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. எப்போதும் செருப்பு திருப்பிக் கொடுக்கிற இடத்தில் ஒரு கைகலப்பே நடக்கும். அன்றைக்கு ஒருவரை ஒருவர் முந்தாமல் வரிசையில் நின்றார்கள். தினமும் வருகிற காய்கறிக்காரி ஒருத்தி உண்டு, மகனை பிரேசிலுக்கு அனுப்பிவிட்டவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலே சொன்னாள், "இன்னிக்குக் கடைசியில ரொம்ப நல்லாப் பேசினீங்கம்மா" என்று. கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் காதில் ஏதோ விழுந்திருக்கிறது. என்ன விழுந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நுகாடா கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். தூரத்திலிருந்தே இடுப்பு மடிய வணங்கினார், வணங்கிய தலையை வெகு நேரம் நிமிர்த்தவில்லை. பிறகு போய்விட்டார். ரைமோன் மிச்ச சுஷியைத் தின்றபடி, "குழி வெட்டிட்ட. ஆனா நல்லா வெட்டின" என்றார்.

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு வந்தது, ஆனால் வாசலில் நிற்கிறவர்கள் "அந்தக் கழுநீர்ப் படம்" என்று கேட்டார்கள், என் பெயரை யாரும் கேட்கவில்லை. இகுதா அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச காலத்தில் என் கொடி இறங்கியது, ஒலிபெருக்கி ஏறியது. டோக்கியோவிலும் நகோயாவிலும் பென்ஷிகள் வேலை நிறுத்தம் செய்து, தோற்று, எங்கெங்கோ போனார்கள். என்னால்தான் என்று சொல்ல மாட்டேன், அந்த வெள்ளம் எப்படியும் வந்திருக்கும். ஆனால் எங்கள் கொட்டகையில் மதகைத் திறந்தது நான்தான். ரைமோன் மருந்துக் கடைக்கு மத்தளம் அடித்து விளம்பரம் செய்யப் போனார். நான் ஊர் நடுவில் இருந்த இரும்புக் கோபுரத்துக்கு அடியில் கணவாய் சுடுகிற கடை போட்டேன். வாய் இருந்ததால் வியாபாரம் நன்றாகவே நடந்தது.

நுகாடா இதற்குள் பெரிய ஆளாகிவிட்டார். பேசும் படத்திலும் அவர் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரு நாள் நல்ல வெயிலில் என் கடை முன்னால் வந்து நின்றார். தொப்பி மட்டும் புதிது. ஒரு கணவாய் வாங்கிப் பொறுமையாக முழுக்கத் தின்றார். பிறகு, "ஒரு முதுகு வேணும்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவருடைய நட்சத்திர நடிகைகள் முகம் காட்டுகிற காட்சிகளில் நன்றாகச் செய்கிறார்களாம், திரும்பி உட்காரச் சொன்னால் ஒன்றும் இல்லையாம்.

"வாயால பொழச்சவ நான்" என்றேன். "என் முதுகுல என்ன இருக்கு?"

"அதனாலதான். சொல்றதுக்கு ஒண்ணுமில்லாதவங்க பேசாம இருந்தா அது சும்மா இருக்கறது. நீங்க பேசாம இருந்தா சத்தம் கேக்குது. அன்னிக்கு உங்க கொட்டகையில கேட்டேன். அதுக்கு முன்னால முதுகு பேசும்னு நான் நம்பிட்டுத்தான் இருந்தேன். அன்னிக்குத்தான் பாத்தேன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. போருக்கு முன்னும், ஒசாகா எரிந்து சிதோரி கொட்டகை சாம்பலான பின்னும், அவர் கடைசிப் படம் வரைக்கும், நுகாடா படத்தில் நீங்கள் பார்த்த முதுகுகளில் பெரும்பாலானவை என்னுடையவை. ராணியாக, சலவைக்காரியாக, பிள்ளையைப் பறிகொடுத்தவளாக உட்கார்ந்திருக்கிறேன். முகம் வருகிறபோது நட்சத்திரங்கள் வந்துவிடுவார்கள். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: அந்தக் காட்சிக்கு என்னால் முடிந்ததிலேயே பெரிய வசனமாக மனசுக்குள் எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு அதைச் சொல்லக் கூடாது. பற்ற வைக்காத சிகரெட்டை மென்றுகொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கேமராவில் கண் வைத்துப் பார்க்க மாட்டார். மனசுக்குள் நான் ஒரு வரியைச் சோம்பேறித்தனமாக எழுதியிருந்தால் கண்டுபிடித்துவிடுவார், இன்னொரு தடவை என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் காதைச் சொறிந்துகொள்வார். எத்தனையோ வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அந்த வித்தை எனக்குப் பிடிபடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கை எடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

இத்தாலியில் பரிசு வாங்கிய படத்தில், பனியில் படகுத்துறையில் ஒரு தாயின் முதுகு வரும் அல்லவா? அதற்கு நான் எழுதின வசனம் என் வாழ்க்கையின் பெரிய வசனம். யாருக்கும் தெரியாது. சொல்லுங்கள் என்று நுகாடா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவர் போன வருஷம் இலையுதிர்காலத்தில் இறந்தார். கியோட்டோவில் கோயில் கொள்ளாத கூட்டம். மந்திரிகள், வெளிநாட்டுக்காரர்கள், படம் பிடிக்கிறவர்கள். இரங்கலுரை சொல்ல ஸ்டுடியோக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பழைய பென்ஷி, குரல் இன்னும் இருக்கிறது, நன்றாகப் பேசுவாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஏன் என்றால் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அந்த முதுகுகளுக்கெல்லாம் நான் எழுதி விழுங்கிய வசனங்களை அன்றைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவது. படகுத்துறைத் தாய் என்ன நினைத்தாள், ராணி என்ன நினைத்தாள், எல்லாம். இத்தனை காலம் அடைத்து வைத்தது. தடுக்க அந்த மனுஷனும் இல்லை. பழைய விசிறியைத் தேடி எடுத்துக்கொண்டேன். ரயிலில் சொல்லிப் பார்த்தபோது பக்கத்து இருக்கைக்காரர் அழுதுவிட்டார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி முன்னால் போய் நின்றேன். கூட்டத்துக்கு என் முகத்தைத் தெரியவில்லை, யார் இந்தக் கிழவி என்று பார்த்தார்கள். மூச்சை இழுத்தேன். பக்கத்தில் செவ்வந்திப் பூக்களுக்கு நடுவில் அவர் படம். தொப்பியோடு, தரையைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு ஒப்பனை அறை வாசலில் நின்ற மாதிரியே.

எனக்கும் தெரியாது என்று சொன்னாரே. அவருக்கே தெரியாததை இத்தனை பேருக்கு நான் சொல்லிவிட்டால், பிறகு அந்தத் தாயை யார் பார்ப்பார்கள்?

விசிறியை மடக்கினேன். ஒலிவாங்கியை விட்டு நகர்ந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அவர் படத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். படகுத்துறையில் உட்கார்ந்த மாதிரியே. மனசுக்குள் முதல் வரியிலிருந்து எல்லா வசனத்தையும் சொன்னேன். இன்னொரு தடவை என்று பின்னாலிருந்து குரல் வருமோ என்று காதும் கொடுத்தேன். பின்னால் முதலில் சலசலப்பு இருந்தது. பிறகு கேமராக்காரர்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாரோ ஒரு பெண் மெதுவாக, "அய்யோ, அந்த முதுகு" என்றாள். அது வாய்க்கு வாய் பரவுவது கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்து, ஊதுபத்தி எரிகிற சத்தம்கூடக் கேட்டுவிடும் போல இருந்தது.

அந்த அமைதியில், வெகு தூரத்தில், வாசல் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது. இடி போய்விட்டது, உறுமல் மட்டும் மிச்சம். ரைமோன் உயிரோடு இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது.

"காத்திருந்தோம்" என்றார்.

நான் திரும்பவில்லை.